டிரிகரை விட்ட பிறகும்

"கை வைக்காமலே ஓடிச்சா, கையை எடுத்த பிறகும் ஓடிச்சா?"

அடிபட்ட வண்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒழுங்கான பதில் அநேகமாக வராது. "போயிட்டே இருந்துச்சு" என்பார்கள். எந்தச் சுவரில் மோதியது, எந்தப் பாகம் நொறுங்கியது, போன மாதம்தான் அதை வாங்கிப் போட்டேன் என்றெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். வண்டி பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது விரல் எங்கே இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்காது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது.

கோவில்பட்டியில் மொபெட் மெக்கானிக்காக இருந்த நான் துபாய்க்குப் போனது ஜெனரேட்டர் வேலைக்கு. அது எட்டு மாதத்தில் கைவிட்டுப் போக, அல் கூஸ் பக்கம் ரிமோட் கார் விற்கும் கடை ஒன்றில் பட்டறை ஆளாகச் சேர்ந்தேன். பதினோரு வருஷம் அங்கேதான். ஊரில் "ரிமோட் கார் ரிப்பேர் பண்றேன்" என்று சொன்னால் திருவிழாக் கடைப் பொம்மையை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் கடைக்கு வந்த பெட்ரோல் வண்டிகள் நிஜ வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. பாஹா 5பி என்று ஒன்று. நீளம் 80 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை 10 கிலோ. இந்த ரக வண்டிகளில் எஞ்சின் 23-லிருந்து 30 சிசி வரை இருக்கும், டூ ஸ்ட்ரோக். நம்ம டிவிஎஸ் 50-இல் பாதி. பெரும்பாலும் ஜெனோவா எஞ்சின், வால்ப்ரோ கார்புரேட்டர். புல் வெட்டுகிற மிஷினிலும் மரம் அறுக்கிற மிஷினிலும் இருக்கிற அதே ஜாதி. லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூடி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். முதல் நாள் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மீதிப் பயம் போகக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. 10 கிலோ எடை மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்து மோதுவதும், அதே எடை நாலு மாடி உயரத்திலிருந்து தலையில் விழுவதும் ஒன்றுதான். இந்த வண்டிகள் 60-ஐத் தொடும். ரிமோட்டில் ஆக்சிலேட்டராக இருக்கிற டிரிகரை விட்ட பிறகும் தொட்டால் என்ன ஆகும்?

ஊரில் இதை "ரேஸ் ஆகுது" என்போம். ரேஸ் ஆவதில் இரண்டு வகை. கார்புரேட்டருக்குள் காற்றை விடும் வட்டத் தகடு, பட்டர்ஃபிளை, நிஜமாகவே திறந்து நிற்பது ஒரு வகை. யாரோ அதைப் பிடித்துத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ரிமோட் சொல்படி தகட்டைத் திருப்புகிற சர்வோ மோட்டாராக இருக்கலாம், இரண்டையும் இணைக்கிற லிங்க் கம்பியாக இருக்கலாம், மணலாகவும் இருக்கலாம். தகடு சாத்தித்தான் இருக்கிறது, எஞ்சின் மட்டும் தன்போக்கில் கத்துகிறது என்றால் அது இன்னொரு வகை. எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. முதல் வகைக்கு ரிமோட்டையும் வயரையும் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு ஸ்பேனரை எடுக்க வேண்டும். இதைப் பிரிக்காமல் வேலையைத் தொடங்குகிறவர் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். நானும் ஓட்டியிருக்கிறேன்.

அதனால் வாடிக்கையாளர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்: வண்டி எங்கே போய் விழுந்தாலும் உடனே டிரிகரை அழுத்திப் பார்க்காதீர்கள். எஞ்சின் நின்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கார்புரேட்டர் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கையைப் பாருங்கள். அது திறந்த நிலையில் நிற்கிறதா, ஸ்க்ரூவில் வந்து உட்கார்ந்திருக்கிறதா? முடிந்தால் செல்போனில் ஒரு படம். யாரும் கேட்பதில்லை. ஓடிப்போய்த் தூக்குவார்கள், டிரிகரை நாலு முறை இழுத்து "இப்ப சரியாத்தானே இருக்கு" என்பார்கள். இருந்த ஒரே சாட்சியும் அதோடு போச்சு.

மணல் கதை சுருக்கமானது. ஹத்தா போகிற வழியில் அல் பதாயர் என்று செம்மணல் மேடு இருக்கிறது. அங்கே போய்வந்த வண்டியில் மணல் இல்லாத இடமே இருக்காது. அந்த மணல் மாவு போல. லிங்க் கம்பி சிக்குகிறது என்று யாராவது அதில் எண்ணெய் விட்டிருந்தால் தீர்ந்தது கதை. எண்ணெயும் மணலும் சேர்ந்து சாணைக்கல் களிம்பாகிவிடும். பட்டர்ஃபிளையின் அச்சு கால்வாசித் திறந்த நிலையில் இறுகிக்கொள்ளும். கார்புரேட்டரில் இருக்கிற ஸ்பிரிங் தகட்டை இழுத்துச் சாத்தத்தான் இருக்கிறது என்றாலும், களிம்போடு மல்லுக்கட்ட அதற்குச் சக்தி கிடையாது. லிங்க் கம்பியைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சுக்கு வேண்டுமானால் எண்ணெய் விடுங்கள், அங்கே அது மணலைப் பிடித்து வைக்கத்தான்.

ஸ்பிரிங்கைப் பற்றி இன்னொன்று. லிங்க் கம்பி கழன்று விழுந்தால் தகட்டைச் சாத்துகிற ஒரே ஆள் அதுதான். "சர்வோவுக்குப் பாரமா இருக்கு" என்று அதைக் கழற்றிப் போட்ட ஒரு புத்திசாலியின் வண்டி கார் பார்க்கிங்கில் பாய்ந்து ஒரு நிஜக் காரின் கதவை நசுக்கியது. ஆனால் கம்பி கழலாமல் சர்வோவே பிடித்துக்கொண்டு நின்றால் ஸ்பிரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே பல்சக்கர வரிசை இருக்கிறது; கரண்ட் போன பிறகுகூட அதைப் பின்னோக்கிச் சுற்றுவது கஷ்டம்.

இங்கேதான் என் சொந்தக் கதை வருகிறது.

நல்ல வாடிக்கையாளர், பொறுமைசாலி. சர்வோவில் பல் உடைந்துவிட்டது என்று வந்தார். கடையில் இருந்ததில் இன்னும் வலுவான ஒன்றை மாட்டினேன். புதியது எதிர்த்திசையில் சுற்றுகிற ரகம். டிரிகரை இழுத்தால் பிரேக் பிடிக்கிறது, தள்ளினால் ஆக்சிலேட்டர் திறக்கிறது. இது சகஜம். ரிமோட்டில் ரிவர்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை மாற்றினால் சரியாகிவிடும். மாற்றினேன், சரியானது. ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டினேன். காசு வாங்கினேன். டீக்குப் போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோனது. தீர்ந்தால் ஆபத்தில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம், நான் உட்பட. சிக்னல் அறுந்தால் வண்டியில் இருக்கிற ரிசீவர் தானே பிரேக் போட்டுவிடும். ஃபெயில்சேஃப் என்று அதற்குப் பெயர். ஆனால் பிரேக் எது என்று ரிசீவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்தது ஒரு எண் மட்டும். சர்வோவுக்குப் போகிற துடிப்பின் நீளம் நடுவில் 1.5 மில்லி விநாடி, ஒரு ஓரத்தில் 1, மறு ஓரத்தில் 2. பழைய சர்வோவில் பிரேக் 1 பக்கம் இருந்தது. ரிமோட்டையும் ரிசீவரையும் முதன்முதலில் ஜோடி சேர்த்தபோது "சிக்னல் போனால் 1-க்குப் போ" என்று ரிசீவர் மனப்பாடம் செய்துவைத்திருந்தது. நான் சர்வோவை மாற்றி, ரிமோட்டில் ரிவர்ஸும் போட்டுவிட்டேன். ரிமோட்டுக்கு விஷயம் தெரியும். ரிசீவருக்கு யாரும் சொல்லவில்லை. புதிய சர்வோவில் 1 என்றால் முழு ஆக்சிலேட்டர்.

பேட்டரி தீர்ந்தது. ரிசீவர் தன் கடமையைச் செய்தது. வண்டி ஏறக்குறைய 200 மீட்டர் நேராகப் போய், பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தின் ஐஸ் பெட்டியில் மோதி நின்றது. பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டியின் விலையை அர்பாப், அதாவது கடை முதலாளி, கொடுத்தார், என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் இருந்திருந்தால்தான் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

அன்றிலிருந்து சர்வோவையோ ரிமோட் அமைப்பையோ தொட்ட எந்த வண்டிக்கும் ஒரு சோதனை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டிரிகரைப் பாதி இழுத்துப் பிடித்தபடியே ரிமோட்டை அணைக்க வேண்டும். கார்புரேட்டர் கை திரும்பி ஸ்க்ரூவில் வந்து உட்கார வேண்டும். அப்படியே நின்றாலோ, இன்னும் திறந்தாலோ, ஜோடி சேர்க்கும் வேலையை முதலிலிருந்து செய். அரை நிமிஷ வேலை. இதை வாடிக்கையாளர் கையாலேயே செய்ய வைத்துத்தான் வண்டியைக் கொடுப்பேன்.

ஃபெயில்சேஃபுக்கு இன்னொரு ஓட்டை உண்டு. சர்வோவைப் பிரேக்குக்குக் கொண்டுபோக வண்டியின் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். அந்தப் பேட்டரியே போய்விட்டால் சர்வோ எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். நாலு பென்சில் செல்லை ஸ்பிரிங் டப்பாவில் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எஞ்சின் அதிர்வில் ஒரு செல் ஒரு நொடி தொடர்பு விட்டால் போதும். பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கி வைத்தாலும் சர்வோ திணறிக் கரண்ட்டை உறிஞ்சும், வோல்டேஜ் விழும், ரிசீவர் மயங்கி எழும். வயர் சால்டர் செய்த 6 வோல்ட் பேக்கைப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

கடைசிக் காவல் கில் சுவிட்ச்தான். இந்தப் பெட்ரோல் எஞ்சினை நிறுத்துவது வீட்டு லைட்டை அணைப்பது போல இல்லை. ஸ்பார்க் கொடுக்கிற காயிலின் வயரை எஞ்சின் உடம்பில் தொடவைத்தால், அதாவது எர்த் கொடுத்தால்தான், ஸ்பார்க் நிற்கும். வீட்டில் வயர் அறுந்தால் விளக்கு அணையும். இங்கே வயர் அறுந்தால் எஞ்சினை அணைக்கவே முடியாது. மொபெட்டிலும் இதே ஏற்பாடுதான்; ஆனால் மொபெட்டில் மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ரிமோட்டிலிருந்தே அணைக்கிற எலெக்ட்ரானிக் கில் சுவிட்ச்கள் வந்த பிறகு, மாட்டாத வண்டிக்கு நான் வேலை செய்வதில்லை என்று பிடிவாதம் பிடித்தேன். அதிலும் ஒரு சோதனை: ஐட்லிங்கில் ஓடும்போது ரிசீவர் பேட்டரியைப் பிடுங்கு. எஞ்சின் செத்தால்தான் அது கில் சுவிட்ச். சில ரகங்கள் சாகவிடாது.

நைட்ரோ எஞ்சின் என்று சின்ன வண்டிகளில் வருவது வேறு மாதிரி. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள். பிளக்கில் இருக்கிற பிளாட்டினச் சுருள் ஒருமுறை பழுத்துவிட்டால் எரிதலிலேயே பழுத்துக்கொண்டிருக்கும். வெட்டுவதற்கு ஸ்பார்க்கே கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால் எரிபொருள் டியூபை விரலால் நசுக்கு, அல்லது சைலன்சர் வாயைத் துணியால் அடை. ஓடுகிற வண்டியில் இரண்டையும் எங்கே செய்வது? நல்லவேளை, எடை குறைவு.

ரிமோட்டுகள் 27 மெகாஹெர்ட்ஸில் பேசிய காலத்தை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறே சானல், ஆறு நிறக் கொடி. மைதானத்தில் உங்கள் வண்டி நீலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்க்கிங்கில் இன்னொருவர் நீல ரிமோட்டை ஆன் செய்தால் உங்கள் வண்டி அவர் பேச்சைக் கேட்கும். அது போதாதென்று ஸ்பார்க் பிளக்கே ஒரு வானொலி நிலையம். என்ஜிகே பிளக் பெயருக்குள் ஆர் எழுத்து இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது, இரைச்சலைக் குறைக்கும். ஆர் இல்லாத பிளக்கைக் குறைந்த விலையில் வாங்கி மாட்டிவிட்டு, வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வந்தவர்கள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்து இந்தப் பேய்களில் முக்கால்வாசியை ஓட்டிவிட்டது.

இனி காற்று. எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் கோவில்பட்டி மூளை வேலை செய்தது.

டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பெட்ரோல் தீர்கிற கடைசி நேரத்தில் வண்டி சட்டென்று ஒரு திமிறு திமிறிவிட்டு அணையும். பெட்ரோல் குறைந்து காற்று கூடுவதால் வருகிற திமிறல் அது. கார்புரேட்டரைத் தாண்டி எங்காவது காற்று பிடித்தால் அந்தத் திமிறல் நிரந்தரமாகிவிடும். டிரிகரை விட்டாலும் எஞ்சின் இறங்காது, உயரத்திலேயே தொங்கும். மையவிலக்குக் கிளட்ச் பிடித்துக்கொண்டு வண்டியை இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைவு. கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் பிடித்துவிடும்.

ஒரு கல்லூரிப் பையனின் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் தங்கம். பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும் ஐட்லிங் ஏறும். ஸ்க்ரூவைக் குறைத்தால் மறுநாள் குளிரில் ஐட்லிங் நிற்காது, அணைந்து போகும். ஏற்றினால் மத்தியானம் தறிகெட்டு ஓடும். இப்படி மூன்று வாரம். நானும் லோ ஊசியைத் திருப்பினேன், ஹை ஊசியைக் கால் சுற்று திறந்தேன். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற கறுப்பு இன்சுலேட்டர் கட்டையைச் சுற்றி, எஞ்சின் ஓடும்போது லேசாகக் கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தேன். காற்று பிடிக்கிற இடமாக இருந்தால் சத்தம் மாறும். பல வண்டிகளில் அங்கேதான் போல்ட் தளர்ந்திருக்கும். இதில் சத்தம் மாறவில்லை.

கடையில் எனக்குச் சீனியர் ஒரு மலையாளி, சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன். "எஞ்சினுக்கு பிரஷர் பாத்தியாடா?" என்றார். அவர் மேஜை டிராயரில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி இருந்தது. டாக்டர் சொல்லி வாங்கியது. அதன் ரப்பர் உருண்டையையும் மீட்டரையும் கழற்றிக் கொடுத்தார். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் துண்டு வைத்துத் தகட்டால் இறுக்கினோம். கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஓட்டை போட்ட தகடு, அதில் டியூப். உருண்டையை அழுத்தி முள்ளை 250-க்கு ஏற்றினோம். வண்டிப் பாஷையில் 5 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவு. முள் அசையாமல் நின்றது. நல்ல எஞ்சின் என்றார் சேட்டன்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சூடானால்தானே கோளாறு? எஞ்சினை மாட்டி ஓட்டி, கை வைக்க முடியாத சூட்டோடு திரும்பவும் கழற்றினேன். இரண்டு விரல் சுட்டது. 250-க்கு ஏற்றியதும் முள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தேன். இன்சுலேட்டர், பேஸ் பேக்கிங், பிளக் எல்லாம் சுத்தம். கிளட்ச் பக்கத்து ஆயில் சீலில், கிராங்க் அச்சை ஒட்டி, கடுகு அளவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. திரும்ப ஒன்று. உதடு தேய்ந்த சீல், சூட்டில் வாய் திறக்கிறது. சீலின் விலை எங்கள் மத்தியானச் சாப்பாட்டைவிடக் குறைவு. பையன் மூன்று வாரமும் நான் வேலை தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தான், அது பாதி உண்மைதான்.

சேட்டன் உருண்டையைத் திரும்ப மாட்டித் தன் கையில் சுற்றிப் பார்த்தார். 150. "உன்னோட எஞ்சினால ஏறினது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கருவி டிராயரிலிருந்து டூல் பெட்டிக்கு மாறிவிட்டது. அவர் தனக்கு வேறு வாங்கிக்கொண்டார்.

கண்டுபிடிக்க முடியாததும் ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற அரபிப் பெரியவர் ஒருவர், வெள்ளை பாடி போட்ட வண்டி. இரண்டு வருஷத்தில் மூன்றே முறை, மூன்று நொடி நேரம், தானாக முழு வேகத்துக்குப் போய் தானாகவே திரும்பி வந்தது. தகடு திறந்ததா இல்லையா என்று ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லை. சர்வோ, ரிசீவர், பேட்டரி, பிளக், காயில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். சூட்டில் பிரஷர் வைத்தேன், குளிரில் வைத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பணம் வேண்டாம், இதை ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். கில் சுவிட்ச்தான் இருக்கிறதே என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் மைதானத்துக்கு என்னையும் கூப்பிடுவார். அந்த வண்டி ஓடும்போது நான் அவருடைய லேண்ட் குரூசருக்குப் பின்னால்தான் நிற்பேன். அவருக்கும் அது தெரியும். டிரிகரை விடாமல், இடது கையால் கஹ்வா கோப்பையைக் காருக்குப் பின்பக்கம் நீட்டுவார்.